உப்பு நீருக்கு நடுவே நல்ல தண்ணீர்: கேரித் தீவு கற்பித்த வாழ்க்கை



செலாயாங்கில் ஒரு நல்ல மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? தோட்டப் பள்ளிப் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியை நாங்கள் கேட்பதுண்டு. கால்வாய்க்குப் போகிறது என்பார்கள். கால்வாயிலிருந்து? ஆற்றுக்கு. ஆற்றிலிருந்து? கடலுக்கு. விடை சரிதான். செலாயாங் பக்கத்து மழைநீர் பத்து ஆற்றில் சேர்ந்து, கோம்பாக் ஆற்றோடு கலந்து, கோலாலம்பூர் நடுவே கிள்ளான் ஆற்றில் விழுகிறது. பிறகு சா ஆலாம், கிள்ளான் நகரங்களைத் தாண்டிக் கடலைச் சேர்கிறது. ஆனால் இதற்கு மேலும் ஒரு கேள்வி இருக்கிறது. அந்த நேரத்தில் கடல் அந்தத் தண்ணீரை வாங்கிக்கொள்ளுமா?

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பிள்ளைகள் திகைத்து நிற்பார்கள். பெரியவர்களிலும் பலர் திகைப்பார்கள். ஆயினும் ஒரு காலத்தில் இதற்குச் சட்டென்று விடை சொல்லத் தெரிந்தவர்கள் நம் மக்களிடையே இருந்தார்கள். அவர்கள் படித்துப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். கடலோரத் தோட்டங்களிலும் ஆற்று முகத்துவாரத் தீவுகளிலும் பால்மரம் வெட்டியவர்கள். செம்பனைக் குலை அறுத்தவர்கள். வடிகால் தூர் எடுத்தவர்கள். அவர்களுடைய அன்றாட வாழ்க்கையே ஒரு வரலாறு. அந்த வரலாற்றை இன்று கேரித் தீவை முன்வைத்துக் காண்போம்.

கேரித் தீவு எங்கே இருக்கிறது? கிள்ளானுக்குத் தெற்கே, சிலாங்கூரின் கோல லங்காட் மாவட்டத்தில் இருக்கிறது. மலாய் மொழியில் அதனைப் பூலாவ் கேரி என்பார்கள். லங்காட் ஆறு கடலை நெருங்கும்போது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை வடக்கே பூலாவ் இண்டா பக்கம் போகிறது. மற்றது தெற்கே ஜுக்ரா பக்கம் போகிறது. இந்த இரண்டு கிளைகளுக்கும் நடுவில், மேற்கே மலாக்கா நீரிணையைப் பார்த்தபடி கிடப்பதே கேரித் தீவு. தீவு என்றதும் வெண்மணலும் நீலக் கடலும் நினைவுக்கு வரலாம். இங்கே அப்படி இல்லை. கரை முழுதும் சேறு. சேற்றில் ஊன்றிய பாக்காவ் மரங்கள். உள்ளே தட்டையான களிமண் தரை. பெருநீர் ஏறும் நாட்களில் கடல்மட்டம் இந்தத் தரையைவிட உயர்ந்துவிடும். மண்கரை கட்டிக் கடலைத் தடுத்த பிறகே அங்கே தோட்டம் போட முடிந்தது.

தீவுக்குப் பெயர் தந்தவர் எட்வர்ட் வாலண்டைன் கேரி என்னும் ஆங்கிலேயத் தோட்டக்காரர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் சிலாங்கூர் சுல்தான் அலாவுதீன் சுலைமான் ஷாவிடமிருந்து நிலம் பெற்று ரப்பர் பயிரிட்டார். அந்தச் சுல்தான் 1898 முதல் 1938 வரை ஆட்சி செய்தவர். தீவுக்கு எதிர்ப்புறமுள்ள ஜுக்ராவில் அவருடைய அரண்மனை 1905ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. அருகிலுள்ள ஜுக்ரா குன்றைப் பழைய ஐரோப்பிய மாலுமிகள் தங்கள் வரைபடங்களில் பார்சலார் குன்று எனக் குறித்தார்கள். தட்டையான கரையில் தனித்து நிற்கும் குன்று அது. கப்பலில் வருவோருக்கும் சம்பானில் மீன் பிடிப்போருக்கும் அதுவே திசை காட்டியது.

கேரி துரை வருவதற்கு நெடுங்காலம் முன்பே இப்பகுதியில் மக்கள் வாழ்ந்து வந்தார்கள் என்பதை நாம் மறத்தலாகாது. அவர்கள் மா மெரி என்னும் பூர்வகுடி மக்கள். அவர்கள் மொழியில் மா மெரி என்றால் காட்டு மக்கள் என்று பொருள். ஆனால் காட்டைப் போலவே கடலையும் அறிந்தவர்கள். சுங்கை பும்பூன், சுங்கை ஜூடா முதலிய அவர்களுடைய கம்பங்கள் இன்றும் தீவில் உள்ளன. நீரே பத்து என்னும் செந்நிறக் கடலோர மரத்தில் அவர்கள் செதுக்கும் மூதாதையர் உருவங்கள் உலகப் புகழ் பெற்றவை. நிப்பா ஓலையில் பெண்கள் பின்னும் அணிகளும் அழகு மிக்கவை. ஆண்டுதோறும் ஹரி மோயாங் என்னும் மூதாதையர் விழாவில் முகமூடி அணிந்து ஆடுவார்கள். கடற்கரையில் சேறு காயும் நேரத்தில் கடலுக்கு வழிபாடு செய்யும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. முன்னோரை வணங்குவது நமக்கும் புதிதன்று. ஆடி அமாவாசையில் கடலோரம் சென்று முன்னோரை நினைப்பவர்கள் அல்லவா நாம்?

நம் மக்கள் இந்தக் கடலோரத்துக்கு எப்போது வந்தார்கள்? 1909, 1910ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் ரப்பர் விலை மிக உயர்ந்தது. சிலாங்கூரின் கடலோரம் முழுதும் காடுகள் வெட்டப்பட்டு ரப்பர்த் தோட்டங்கள் ஆயின. சஞ்சிக்கூலி ஒப்பந்த முறை மலாயாவில் 1910இல் முடிவுக்கு வந்தது. பின்னர்க் கங்காணி முறையில் ஆட்கள் வந்தார்கள். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பல் ஏறிப் பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கினார்கள். கப்பலில் நோய் வந்ததா என்று பார்க்கக் காப்பு முகாமில் சில நாள் வைக்கப்பட்டார்கள். பிறகு கங்காணியின் பின்னால் தோட்டத்துக்கு நடந்தார்கள். தீவுத் தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு இன்னும் ஒரு படகுப் பயணம் மீதி இருந்தது. பாலம் கட்டப்படும் வரை தீவுக்கு வேறு வழி இல்லை.

வந்தவர்களில் பலர் வறண்ட ஊர்களைச் சேர்ந்தவர்கள். மழை பொய்த்த ஊர்களை விட்டு வந்தவர்கள். இங்கே வந்து பார்த்தால் சுற்றிலும் தண்ணீர். ஆனால் குடிக்க ஆகாத தண்ணீர்! கடல்நீர் உப்பு; ஆற்றுநீர் பாதி நேரம் உப்பு; கிணறு தோண்டினால் புளிப்பு. தண்ணீருக்கு ஏங்கியவர்கள் தண்ணீருக்கு நடுவிலேயே தண்ணீருக்கு ஏங்கினார்கள். இந்த நிலையில் அவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? தண்ணீரைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். ஏட்டில் எழுதாத அந்தப் படிப்பில் நான்கு பாடங்கள் இருந்தன.

முதற்பாடம் காய்ச்சல் கற்பித்தது. 1901ஆம் ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களிலேயே மலேரியாக் காய்ச்சல் அங்கே வேலை செய்தவர்களைப் படுக்கையில் தள்ளியது. துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று அரசு எண்ணும் நிலை வந்தது. அதே ஆண்டில் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்தவர் மால்கம் வாட்சன். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான், 1897இல், இந்தியாவின் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டறிந்திருந்தார். வாட்சன் அந்த அறிவைச் செயலில் காட்டினார். நகரையும் துறைமுகத்தையும் சுற்றியிருந்த காட்டை வெட்டச் செய்தார். தேங்கிய நீரை வடிகால் வெட்டி வடியச் செய்தார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் காய்ச்சலால் இறந்தவர்கள் 1901இல் 368 பேர். மறு ஆண்டு 59 பேர். 1903இல் 46 பேர்.

வாட்சனின் பெயர் நூல்களில் இருக்கிறது. சேற்றில் இடுப்பளவு நின்று அந்த வடிகால்களை வெட்டிய கைகளின் பெயர்கள் எங்கும் இல்லை. தமிழர்கள், சீனர்கள், ஜாவாக்காரர்கள் என்று பலரும் கடலோரங்களில் அந்த வேலையைச் செய்தார்கள். அவர்கள் வெட்டிய கால்வாய்தான் அவர்கள் பிள்ளைகளைக் காப்பாற்றியது.

இதில் செலாயாங் பக்கத்தில் வாழ்பவர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கடலோரத்தில் வெற்றி பெற்ற முறை மலைப்பக்கத் தோட்டங்களில் தோற்றுப்போனது. கடலோரச் சதுப்புக் காட்டுக் கொசு நிழலான குட்டையில் முட்டையிடும். காட்டை வெட்டி நீரை வடித்தால் அது ஒழியும். மலைப்பக்கக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடையில் பெருகும். அங்கே காட்டை வெட்டினால் ஓடையில் வெயில் பட்டு நோய் அதிகமாகும். ஆகவே மலைத் தோட்டங்களில் ஓடையை நிலத்தடிக் குழாயில் விட்டார்கள். நீரின் மேல் எண்ணெய் தெளித்தார்கள். ஓரிடத்து மருந்து வேறிடத்தில் நோயாகலாம் என்பதை வாட்சன் இந்த மண்ணில்தான் கற்றார். 2018ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் பழைய வகை மலேரியா உள்ளூரில் தோன்றவில்லை. குரங்கிலிருந்து தொற்றும் ஒரு வகை மட்டும் காட்டோரங்களில் இருக்கிறது. இன்று நகரத்தில் நம்மை வாட்டுவது டிங்கி. அந்தக் கொசு பூந்தொட்டித் தட்டிலும் பழைய டயரிலும் தேங்கும் நல்ல தண்ணீரில் வளர்கிறது. கொசு மாறினால் காவலும் மாற வேண்டும்.

இரண்டாம் பாடம் நிலவு கற்பித்தது. கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. இன்று காலை ஏழு மணிக்கு நீர் உச்சத்தில் இருந்தால் நாளை ஏறத்தாழ ஐம்பது நிமிடம் கழித்தே உச்சம் வரும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும், அவற்றை அடுத்த ஓரிரு நாட்களிலும், ஏற்றம் மிகப் பெரிதாக இருக்கும். கிள்ளான் கரையில் அந்நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் நான்கு மீட்டர் வேறுபாடு உண்டு. ஒரு மாடி வீட்டின் உயரத்துக்கும் மேலானது அது. அட்டமி, நவமி நாட்களில் கடல் அவ்வளவு ஏறாது. அவ்வளவு வற்றவும் செய்யாது.

தீவைச் சுற்றி மண்கரை எழுப்பியிருந்தார்கள். உள்ளே பெய்யும் மழைநீர் சிறு கான்களில் ஓடிப் பெரிய கால்வாயில் சேரும். கால்வாய் கரையைச் சந்திக்கும் இடத்தில் மதகு இருக்கும். அதன் கதவு வெளிப்பக்கமாக மட்டும் திறக்கும்படி தொங்கும். கடல் வற்றும்போது உள்ளே இருக்கும் நீர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடும். கடல் ஏறும்போது அந்த நீரே கதவை அழுத்தி மூடிவிடும். எவ்வளவு எளிமையான கருவி, பாருங்கள்! காவிரிக் கரையிலிருந்து வந்தவர்களுக்கு மதகு என்ற சொல் பழகிய சொல். ஆனால் ஊர் மதகு தண்ணீரை வயலுக்கு விடுவதற்கு. இந்தத் தீவு மதகு தண்ணீரை வெளியே அனுப்பிக் கடலை உள்ளே விடாமல் காப்பதற்கு. ஒரு கட்டையோ மட்டையோ கதவிடுக்கில் சிக்கினால் போதும், அன்றிரவே உப்பு நீர் உள்ளே வந்துவிடும். கரையில் நண்டு துளைத்த ஓட்டையும் அப்படித்தான். சிறிய ஓட்டை பெரிய உடைப்பாகும். ஆகவே அமாவாசைக்கு முன்னதாகக் கரையைச் சுற்றிப் பார்ப்பதும் மதகைத் துப்புரவு செய்வதும் தீவுத் தோட்டத்தின் ஒழுங்கான வேலைகள்.

இதிலிருந்து வீட்டுக்கு ஒரு பாடம் வந்தது. நாட்காட்டியில் நம்மவர் திதி பார்ப்பது நல்ல நாள் அறிய மட்டுமன்று. அமாவாசையை ஒட்டிப் பெருமழை வந்தால் அரிசி மூட்டையைப் பலகை மேல் ஏற்றுவார்கள். கோழிக் கூட்டை உயர்த்துவார்கள். ஏற்ற நேரத்தில் பெய்யும் மழைக்குப் போக வழியில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அட்டமி மழையையும் அவர்கள் எளிதாக எண்ணியதில்லை. அந்நாட்களில் கடல் போதிய அளவு வற்றாததால், உள்ளே தேங்கிய நீர் வடிய நாளாகும்.

மூன்றாம் பாடம் கிணறு கற்பித்தது. தீவின் களிமண்ணுக்கு ஒரு குணம் உண்டு. கடல் சேறாக இருந்த காலத்தில் அதில் இரும்பும் கந்தகமும் கூடிய ஒரு பொருள் படிந்திருக்கிறது. நீருக்கடியில் கிடக்கும் வரை அது தீங்கு செய்யாது. நிலத்தை ஆழமாக வடித்துக் காய விட்டால், காற்றுப் பட்டு அது கந்தக அமிலமாக மாறும். அப்போது கால்வாய் நீர் துருநிறம் கொள்ளும்; புளிக்கும்; மீன் சாகும்; மரம் வாடும். ஆகவே முழுவதும் வடித்துவிடாமல், அந்த மண்ணடுக்கு மூழ்கியிருக்கும் அளவுக்கு நீரை நிறுத்திவைக்க வேண்டும் என்பதை 1960, 1970களில் செம்பனை ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அறிவு என்பது நீரை வெளியேற்றுவது மட்டும் அன்று. எவ்வளவு நிறுத்த வேண்டும் என்று தெரிவதும் அறிவே.

ஆய்வாளர்கள் சொல்வதற்கு முன்பே லயத்துப் பெண்களுக்கு இந்த மண்ணின் குணம் வேறு வழியில் தெரிந்திருந்தது. கால்வாய் நீரில் வெளுத்த வெள்ளைத் துணி பழுப்பேறிவிடும். ஆகவே பிள்ளைகளின் பள்ளிச் சட்டைக்கு மழைநீர். வேலைத் துணிக்குக் கால்வாய் நீர் என்று பிரித்து வைத்தார்கள். தகரக் கூரையின் ஓரத்தில் குழாய் கட்டி மழைநீரைப் பீப்பாயில் பிடித்தார்கள். நீண்ட வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் மழையைப் பிடிக்கமாட்டார்கள். அது கூரையின் தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும். கூரை கழுவப்பட்ட பிறகே குழாயைப் பீப்பாயின் மேல் திருப்புவார்கள். வாயில் துணி கட்டுவார்கள்; இறுக மூடுவார்கள். குடிக்கும் நீரைக் கொதிக்க வைப்பார்கள். கலங்கிய நீரில் படிகாரக் கட்டியைச் சுழற்றித் தெளிய வைப்பதும் உண்டு. சிலாங்கூர்க் கரையில் ஏப்ரலை ஒட்டிய மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை மிகுதி. ஜூன், ஜூலை மாதங்களில் மழை குறையும். ஆகவே மே மாதம் முடிவதற்குள் பீப்பாய்கள் எல்லாம் நிறைந்திருக்க வேண்டும் என்பது கணக்கு.

காய்கறித் தோட்டத்துக்கும் அவர்கள் ஒரு வழி கண்டார்கள். தரையில் நட்டால் வேர் அழுகும். ஆகவே மண்ணைக் கூட்டி மேட்டுப் பாத்தி போட்டார்கள். அதில் அடுப்புச் சாம்பலைத் தூவினார்கள். சாம்பல் மண்ணின் புளிப்பை முறிக்கும். அந்த மேட்டில் முருங்கையும் கறிவேப்பிலையும் வாழையும் மரவள்ளியும் வளர்ந்தன. ஜப்பானியர் ஆட்சி நடந்த 1941 முதல் 1945 வரையான ஆண்டுகளில் அரிசி கிடைக்காதபோது நாடெங்கும் தோட்ட மக்களின் உயிரைப் பிடித்து வைத்தது அந்த மரவள்ளிதான். கசப்பு மரவள்ளியில் நஞ்சு உண்டு என்பதால், தோலை நன்றாக உரித்து, ஊற வைத்து, வேகவைத்த நீரைக் கொட்டிவிட்டு உண்ண வேண்டும். இந்த எச்சரிக்கை இன்றைக்கும் பொருந்தும்.

நான்காம் பாடத்தைக் கடற்கரைக் காடு கற்பித்தது. பாக்காவ் மரங்களின் வேர் சேற்றைப் பிடித்து நிறுத்துகிறது. அலையின் வேகத்தை அந்தக் காடு வாங்கிக்கொள்கிறது. மண்கரைக்கு முன்னால் காடு இருந்தால் கரை நிற்கும். காடு போனால் கரையும் போகும். கேரித் தீவில் அரிக்கப்பட்ட கரையோரத்தில் அலைதடுப்பு அமைத்துப் பாக்காவ்க் காட்டை மீண்டும் வளர்க்கும் முயற்சியில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஈடுபட்டார்கள். மா மெரி மக்களுக்கு இந்தக் காடு வீடு போன்றது. நண்டும் மட்டியும் அங்கே. கூரைக்கு அத்தாப்பு தரும் நிப்பாவும் அங்கே. சிலை செதுக்கும் மரமும் அங்கே.

கடலில் போகிறவர்களுக்கு இன்னும் சில எச்சரிக்கைகள் உண்டு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியலுக்கு முன் மேற்கு வானில் கருமேகம் வில்போல் வளைந்து எழுந்தால் படகு இறக்கலாகாது. சுமத்திராவிலிருந்து வரும் திடீர்ச் சூறைக்காற்று அது. ஒரு மணி நேரம் பொறுத்தால் பெரும்பாலும் கடந்துவிடும். நீர் வற்றிய நேரத்தில் சேற்றுத் திடலில் தூரமாகப் போகிறவர்கள் திரும்பும் நேரத்தைப் போகும்போதே குறித்துக்கொள்ள வேண்டும். ஏறும் நீர் முன்னால் மட்டும் வராது. ஓடைகள் வழியே பின்னாலும் வந்து சூழ்ந்துகொள்ளும். லங்காட் முகத்துவாரத்தில் முதலை உண்டு. அந்தி நேரத்தில் ஆற்றோரம் துணி துவைப்பதும் கால் நனைப்பதும் கூடாது.

நேயர்களே, இவ்வளவு அறிவும் தொழிலாளருக்கு இருந்தது. ஆனால் சம்பளப் புத்தகத்தில் அதற்குக் கணக்கு இல்லை. பால் எத்தனை ராத்தல் என்பதற்குக் கணக்கு இருந்தது. மதகைக் காத்த கண்ணுக்குக் கணக்கு இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வை மட்டும் கேட்கவில்லை. மருத்துவ வசதி கேட்டார்கள். பிள்ளைகளுக்கு நல்ல கல்வி கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற இழிவை ஒழிக்கச் சொன்னார்கள். தாங்களும் அறிவுள்ள மனிதர்கள் என்று அவர்கள் அறிவித்த நாள் அது. அந்தப் போராட்டம் துப்பாக்கியால் அடக்கப்பட்டது. தொழிலாளர் உயிர்களும் போயின.

காலம் மாறியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பாலம் வந்தது, குழாய்த் தண்ணீர் வந்தது, மின்சாரம் வந்தது. இவை எல்லாம் நல்ல மாற்றங்கள். பீப்பாய் நீரைச் சுமந்த தாய்மார்களின் முதுகு அறியும் அதன் நன்மை. கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகள் ஆயின. தோட்டத்தில் பிறந்தவர்கள் செலாயாங், பத்து மலை, கிள்ளான், சா ஆலாம் என்று பரவினார்கள். செம்பனைத் தோட்டங்களில் இன்று குலை அறுப்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாடுகளிலிருந்து வந்தவர்கள். நம் முன்னோர் போலவே கடல் கடந்து வந்தவர்கள்தாம் அவர்களும். கேரித் தீவில் பெருந்துறைமுகம் கட்டும் எண்ணத்தை அரசு 2017இல் அறிவித்தது. அதன் பிறகும் அதைப் பற்றிப் பேச்சு எழுந்துள்ளது. அப்படி ஒன்று வருமானால் தீவின் முகமே மாறிவிடும்.

மாற்றத்தோடு ஒன்று தொலைந்துவிட்டது. தண்ணீரைப் படிக்கும் பழக்கம் தொலைந்தது. அதன் விலை என்ன என்பதை 2021 டிசம்பர் 17, 18ஆம் நாட்களில் நாம் கண்டோம். இடைவிடாமல் கொட்டிய மழையில் சிலாங்கூரின் பல பகுதிகள் மூழ்கின. சா ஆலாமில் தாமான் ஸ்ரீ மூடா என்னும் தாழ்வான குடியிருப்பில் மக்கள் வீட்டுக் கூரைமேல் ஏறி உதவிக்குக் காத்திருந்தார்கள். நாடு முழுவதும் அந்த வெள்ளத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பௌர்ணமியை ஒட்டிய நாட்கள் அவை. கிள்ளான் ஆறு நிரம்பி நின்றது. வீதியின் தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. பழைய தீவுத் தோட்டத்து மூதாட்டி ஒருத்தி அங்கே இருந்திருந்தால், மழை தொடங்கியதுமே நாட்காட்டியைப் பார்த்துவிட்டு அரிசியை மேலே ஏற்றியிருப்பாள். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டியிருப்பாள்.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்? மூன்று காரியங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, நம் வீட்டுத் தண்ணீர் எந்தக் கால்வாயில் விழுந்து எந்த ஆற்றுக்குப் போகிறது என்பதைப் பிள்ளைகளோடு நடந்துபோய்ப் பாருங்கள். வழியில் அடைப்பு இருந்தால் ஊராட்சி மன்றத்துக்குத் தெரிவியுங்கள். கால்வாயில் குப்பை போடுவது மதகுக் கதவில் கட்டை வைப்பதற்குச் சமம்.

இரண்டாவது, கிள்ளான் பக்கம் தாழ்வான இடத்தில் வாழ்பவர்கள் நீர் ஏற்ற அட்டவணையைத் தெரிந்துகொள்ளுங்கள். தேசிய நீரளவியல் மையம் ஆண்டுதோறும் அதனை வெளியிடுகிறது. அது கிடைக்காவிட்டாலும் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அமாவாசையும் பௌர்ணமியும் இருக்கின்றன. அந்த நாட்களை ஒட்டிக் கனமழை எச்சரிக்கை வந்தால் பத்திரங்கள், மருந்து, குடிநீர் ஆகியவற்றை முன்கூட்டியே உயரத்தில் வையுங்கள். முதியவர்களையும் குழந்தைகளையும் முதலில் வெளியேற்றுங்கள்.

மூன்றாவதே எல்லாவற்றிலும் அவசரமானது. தீவிலோ கடலோரத் தோட்டத்திலோ வாழ்ந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் அருகில் உட்காருங்கள். எந்த ஊரிலிருந்து வந்தீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். குடிதண்ணீர் எங்கே எடுத்தீர்கள், எந்த மாதம் பஞ்சம், மதகை யார் பார்த்துக்கொண்டார்கள், மா மெரி மக்களிடம் என்ன வாங்கினீர்கள், என்ன கொடுத்தீர்கள், காய்ச்சலுக்கு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். சொல்வதை அவர்கள் சொல்லிலேயே எழுதுங்கள். ஆண்டும் இடமும் குறியுங்கள். கேரியின் பெயர் தீவின் மேலேயே இருக்கிறது. வாட்சனின் பெயர் நூலில் இருக்கிறது. நம் பாட்டன் பாட்டியின் அறிவு அவர்கள் நாவில் மட்டும் இருக்கிறது. நாம் எழுதாவிட்டால் அதை எழுத வேறு யாரும் வரப்போவதில்லை.

தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய நாங்களும் எங்கள் வகுப்பில் இந்த வேலையைத் தொடங்கியிருக்கிறோம். செலாயாங்கில் பெய்யும் மழை எங்கே போகிறது என்னும் கேள்வியோடு, கடல் இப்போது ஏறுகிறதா, வற்றுகிறதா என்னும் கேள்வியையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். நீங்களும் உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.